புயலுக்குப் பேர் வச்சாச்சு

சரோஜம்மாள்: ...பாலிசி போடுன்னா போட மாட்டேங்கிறியே மூர்த்தி! நீ இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா, இல்ல...

மூர்த்தி: எத்தன வாட்டிக்கா சொல்றது? புயலுக்குப் பேர் வச்சுட்டாங்க. இனிமே அது கரையேறி ஓயற வரைக்கும் கம்பெனி புது பாலிசி தராது.

சரோஜம்மாள்: பேர் வச்சா என்ன, தொட்டிலா கட்டறாங்க? அது இன்னும் கடல்லதான கெடக்குது!

மூர்த்தி: வருதுன்னு தெரிஞ்சப்புறம் எவன்கா தருவான்?

சரோஜம்மாள்: புதுசு வேணாம். பழசயே திருப்பி எழுது.

மூர்த்தி: அது ஆடியிலயே முடிஞ்சுபோச்சு. வீடு தேடி வந்தேன். என்னா சொன்னீங்க?

சரோஜம்மாள்: பாகலூர்ல ஏது கடல்னேன். அதுக்கென்ன இப்ப?

சென்னம்மா: சிரிச்சுக்கிட்டே சொன்ன. பக்கத்து வீட்டுல இருந்து எனக்கே கேட்டுச்சு.

சரோஜம்மாள்: உனக்கு எதுதான் கேக்கல சென்னம்மா? துணி காய வச்சது போதும், உள்ள போ!

சென்னம்மா: இந்த மழையில என்னாத்த காய வைக்கிறது? நீங்க பேசுங்க, பேசுங்க.

சரோஜம்மாள்: மூர்த்தி, பிப்ரவரியில காதலர் தினத்துக்குப் போற ரோஜா மொத்தமும் அந்த பிளாஸ்டிக் கூரை பாலிஹவுஸுக்குள்ளதான் நிக்குது. அது போச்சுன்னா எம்புள்ள ஹரீஷு மறுபடியும் நைட் ஷிஃப்டுக்கு ஓடணும். எதனா பண்ணு...

மூர்த்தி: சரி... ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன். வாங்க, பாலிஹவுஸ ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.

சரோஜம்மாள்: இப்பவா? ஒரே சேறு! போன வருஷத்துப் போட்டோவப் போடு. அதுல நல்லா இருக்கும்.

மூர்த்தி: எது?

சரோஜம்மாள்: ...வெளிச்சம்.

சென்னம்மா: காலையில காத்துக்கு 'பட்டா...ர்'னுச்சே சரோஜா. அதும் வெளிச்சமா?

சரோஜம்மாள்: சென்னம்மா!

மூர்த்தி: அக்கா... கூரை ஷீட்டு கிழிஞ்சுடுச்சா?

சரோஜம்மாள்: ஒரு... ஓரமா.

மூர்த்தி: ஓரமா? முழு ஷீட்டும் பைப்போட பறந்து வந்து எங்க மாட்டுக் கொட்டாய் மேல கெடக்குது! ஓடு அத்தனையும் தூளு. அதச் சொல்லத்தான் வந்தேன்.

சரோஜம்மாள்: அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேதான் போட்டோ கேட்டியா? ...மாட்டுக்கு ஒண்ணும் இல்லியே?

மூர்த்தி: பால் கறக்க வெளிய கட்டியிருந்தோம். தப்பிச்சுது.

சரோஜம்மாள்: அப்புறம் என்னப்பா? ஊருக்கெல்லாம் பாலிசி போடறவன். உங்க கொட்டாய்க்கு கம்பெனி குடுத்துடும். போறது எங்க குடிதான்.

சென்னம்மா: என்ன மூர்த்தி, தலையச் சொறியற?

மூர்த்தி: நானும்... பாகலூர்ல ஏது கடல்னுதான்க்கா விட்டுட்டேன்.