எங்கள் வீட்டில் பஸ் ஓடவில்லை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறைதான். அதிலிருந்து தொடங்கினால்தான் நான் சொல்வது உங்களுக்குச் சரியாகப் புரியும். ஊரடங்கு தொடங்கிய புதிதில் தினமும் அதன் வாசலில் சண்டை. பையன் உள்ளே போனால் பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே வர மாட்டான். பாப்பா கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோவாள். "டேய் அண்ணா, உள்ளயே குடித்தனம் நடத்தப் போறியா?" என்பாள். என் மனைவி அடுப்படியிலிருந்தே இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். நான் ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கினேன். மறுநாளே சண்டை நின்றுவிட்டது.

அது எனக்குக் கைவந்த வேலை. பஸ் நிலையத்தில் நான் நேரக் காப்பாளர். எந்த வண்டி எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்பவன். அதிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் திரும்புவேன். என் பிள்ளைகள் வளர்ந்ததை நான் போர்வைக்கு வெளியே நீண்டுகொண்டே போன கால்களை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். எனவே பஸ்கள் நின்றபோது ஊரே அழுதது, நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இதை மறைக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு விசில் அடித்தேன். என் பழைய விசில்தான். ஒரு விசில் என்றால் தட்டை எடு, இரண்டு என்றால் உட்கார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் வந்து உட்கார்ந்தார்கள். நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அதுவரை எங்கள் வீட்டில் நடக்காத காரியம். என் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். அவளுக்கும் எனக்கும் விடுமுறை ஒரே நாளில் வந்ததே இல்லை. இப்போது தினமும் விடுமுறை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஒரு நாள் மாலையில் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்க மூன்று பேரும் போனார்கள். கொடியில் கிடந்தவை இரண்டு துண்டும் ஒரு சட்டையும். அதற்கு எதற்கு மூன்று பேர் என்று தோன்றியது. படியில் பாதி ஏறி நின்றேன். ஒட்டுக் கேட்கும் எண்ணம் இல்லை.

பாப்பா என்னைப் போலவே குரலைக் கட்டையாக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயணிகள் கவனத்துக்கு. உப்புமா வண்டி கிளம்பப் போகுது. சட்னி கேக்கறவங்க அடுத்த வண்டியில வாங்க."

என் மனைவி சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, "போதும்டி, அவர் காதுல விழுந்துடப் போகுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பஸ் ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே கிளம்பிடணும். அக்கா மாடி ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கா."

"அப்பாகிட்ட யாரும்மா சொல்றது?" என்றான் பையன்.

"சொல்லவே வேணாம்ணா. பஸ் ஓடினா அவர் டூட்டிக்குப் போயிடுவாருல்ல? அவர் போன கையோட நாமளும் கிளம்பிடலாம். வந்து பார்த்துட்டு, மூணு பேரும் லேட்டுன்னு விசில் அடிச்சிட்டு நிக்கட்டும்" என்றாள் பாப்பா.

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை மூன்று பேரும்.

நான் கீழே இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கத்தவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. நான் யாரையும் கை நீட்டி அடித்தவன் இல்லை, நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்க்கலாம். துணியோடு இறங்கி வந்த பாப்பா, "என்னப்பா, டீ வண்டி இன்னும் வரலையா?" என்று கேட்டாள். என் முகத்துக்கு நேராக, அவ்வளவு பிரியமாகக் கேட்டாள். உப்புப் போட்டுச் சாப்பிடுகிற எவனுக்கும் அது வலிக்கும்.

ஆனால் யோசித்துப் பார்த்ததில், அவர்கள் சொன்னதிலேயே வழியும் இருந்தது. பஸ் ஓட ஆரம்பித்தால் போவார்கள். ஓடாவிட்டால் போக மாட்டார்கள். பஸ் ஓடுகிறதா இல்லையா என்று ஜனங்களுக்குச் சொல்வதுதானே இத்தனை வருடமாக என் வேலை?

வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் பெண் ஒருத்தி உண்டு. அவளை வாசலிலேயே நிறுத்தி, மனைவிக்குக் காய்ச்சல், வாசனை தெரியவில்லை என்றேன். அப்போது பரிசோதனைக்கு ஆளும் இல்லை, பொருளும் இல்லை. அவள் தள்ளி நின்றபடியே, "யாரும் வெளிய வராதீங்க சார்" என்று சொல்லி, கேட்டின் வெளிப்பக்கம் சிவப்பு அறிவிப்பு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனாள். உள்ளே வந்து, தெரு முழுவதையும் அடைத்துவிட்டார்கள், எல்லா வீட்டிலும் ஒட்டுகிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பணியாளர் பெண் மறுபடி வந்தபோது பையனுக்கு என்றேன். அதற்கடுத்து பாப்பாவுக்கு. பிறகு அவள் வருவதே நின்றுவிட்டது. ஆனால் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்க யாரும் வருவதில்லை. எங்கள் வீடு சந்தின் கடைசி. பால் பாக்கெட்டைக்கூடத் தூரத்திலிருந்து கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திறக்கவே இல்லை.

டிவிக்கு வரும் வயரை மொட்டைமாடியில் நானே கழற்றினேன். கேபிள்காரருக்கும் நோய் என்றேன். மூன்று பேரின் போனுக்கும் ரீசார்ஜ் செய்வது எப்போதும் நான்தான். அதை விட்டுவிட்டேன். என் போனை மட்டும் உயிரோடு வைத்திருந்தேன். கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு குடும்பத் தலைவன் செய்யக்கூடியதுதான்.

"இன்னும் எத்தனை நாளுங்க?" என்று என் மனைவி கேட்பாள். அதற்கும் என் தொழிலில் பதில் உண்டு. காத்திருப்பவர்களிடம் வண்டி இல்லை என்று சொல்லவே கூடாது. சொன்னால் கலைந்துபோவார்கள், இல்லாவிட்டால் கண்ணாடியை உடைப்பார்கள். "டிப்போவை விட்டுக் கிளம்பிடுச்சு, வந்துட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் ஒரு கூட்டம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். "அடுத்த வாரம் தளர்த்தப் போறாங்களாம், பேசிட்டிருக்காங்க" என்பேன். நின்றார்கள்.

டிப்போவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் நோய், வர முடியாது என்றேன். மேலாளர் நல்ல மனிதர். "குடும்பத்தைப் பாருங்க, டூட்டி எங்க போயிடப் போகுது?" என்றார். குடும்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நாங்கள் நன்றாகவே இருந்தோம். பாப்பாவிடம் என்னைப் போலப் பேசிக் காட்டச் சொன்னேன். முதலில் திகைத்தாள், பிறகு பேசிக் காட்டினாள். மொட்டைமாடியில் பேசிய அளவுக்குச் சுவாரசியமாக இல்லை.

பிறகு அவளுக்கு வயிற்று வலி வந்தது.

காலையில் தொப்புளைச் சுற்றி வலி என்றாள். மத்தியானம் வலப்பக்கம் இறங்கிவிட்டது என்றாள். வாந்தி எடுத்தாள். என் மனைவி, "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றாள். நான் போனை எடுத்துக்கொண்டு கேட்டருகே போய் நின்றேன். திரும்பி வந்து, "கிளம்பிடுச்சாம். வழியில தடுப்பு நிறைய, கொஞ்சம் லேட்டாகும்" என்றேன். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் யோசித்திருப்பீர்கள். மொட்டைமாடியில் அப்படி நடித்தவள் இதிலும் நடிக்க மாட்டாளா? கேட் திறந்ததும் மூன்று பேரும் ஓடிவிட்டால்?

மறுநாள் காலையில் வலி நின்றுவிட்டது. திடீரென்று, சுவிட்சை அணைத்தது போல. "பரவாயில்லப்பா, இப்ப வலிக்கல" என்று அவளே சொன்னாள். "பார்த்தியா?" என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கு ஒரு நிம்மதி. வலி அப்படி நிற்பது நல்லதற்கு அல்ல, உள்ளே குடல்வால் வெடித்தால்தான் அப்படி நிற்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்?

மாலைக்குள் உடம்பு கொதித்தது. வயிறு பலகை போல் இருந்தது. விசில் அடித்தும் அவள் எழுந்து வரவில்லை. என் மனைவி கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினாள். "யாராவது வாங்களேன், எம் பொண்ணு சாகறா" என்று கத்தினாள். எதிர் வீட்டு ஜன்னல் சற்றே திறந்தது. அதே வேகத்தில் மூடிக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிவப்பு அறிவிப்பு ஒட்டிய வீட்டுக்குள் யார் வருவார்கள்?

பையன் என்னிடம் சாவியைக் கேட்டான். "ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு" என்றேன். அவன் சுவர் ஏறிக் குதித்து ஓடினான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வந்தான். கேட்டுக்கு வெளியே இறங்கி, அந்தச் சிவப்புக் காகிதத்தையும், அது இல்லாத மற்ற வீட்டுக் கதவுகளையும் பார்த்தான். கேட் கம்பி இடுக்கில் அவன் முகம் தெரிந்தது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னான்.

"அப்பா, மெயின் ரோட்டுல பஸ் ஓடுது."

உள்ளே என் மனைவி பாப்பாவை மடியில் வைத்திருந்தாள். அவளுக்கும் அது கேட்டது.

"கேட்டைத் திற" என்றான் பையன். முதன்முறையாக என்னை ஒருமையில் பேசினான். ஆஸ்பத்திரியிலிருந்து எல்லோரும் இங்கேயே திரும்பி வருவதாகச் சொன்னால் திறக்கிறேன் என்றேன். நியாயமான கோரிக்கை. ஆட்டோக்காரரும் அவனும் சேர்ந்து கல்லால் பூட்டை உடைத்தார்கள். உடைக்க நேரம் பிடித்தது. நல்ல பூட்டு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கேட்டைத் தாண்டும்போது அவள் மூச்சு நின்றுவிட்டது என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. முதல் நாளும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. போன் வேலை செய்தது. சாவி என் பையில் இருந்தது. அவளுக்கு உண்மையிலேயே முடியவில்லை என்பது அவள் உடம்பைத் தொட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் மனைவியும் பையனும் இப்போது அவள் அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறார்களாம். உங்கள் காவலர்தான் சொன்னார். மூன்று பேராகக் கிளம்பத் திட்டம் போட்டவர்கள், இரண்டு பேராகப் போயிருக்கிறார்கள். பாப்பா மட்டும் போகவில்லை. அவள் கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தாள். எனக்குத் துரோகம் செய்யாதவள் அவள் ஒருத்திதான்.