வலியுறுத்தப்படாத ஆட்சேபம்

காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுவேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவேன். அது நிரம்புவதற்குள் பல் தேய்த்து, ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடலாம். முன்பு இரண்டு பேருக்குச் செய்த வேலையை இப்போது ஒருவருக்குச் செய்வதில் பதினெட்டு நிமிடம் மிச்சமாகிறது. அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

சென்ற வாரம் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்று இடிக்கிறது என்று மறுபடியும் கூப்பிட்டிருக்கிறீர்கள். என் மனைவி விபத்தில் இறந்த அன்று காலை அவளிடமிருந்து எனக்கு வந்த அழைப்பு. "'வந்துட்டிருக்கேன்'னு சொல்லிட்டு வச்சுட்டா" என்று சொல்லியிருந்தேன். அதற்கு மூன்று விநாடி போதும், பேசியது நாற்பது விநாடி என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

என் வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு சிப்பைத் தயாரிப்பதற்கு முன் அதை எழுத்தில் விவரித்துக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படி விவரிப்பதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. அதன் விதிகளை வகுக்கும் தரநூலைத் திருத்துகிற குழுவுக்கு நான் பதிப்பாசிரியன். ஆயிரத்து நூறு பக்கம், நான்கு வருடம். அவளும் அதே குழுவில், பயன்படுத்துவோர் தரப்பு உறுப்பினர். சுவாசக் கருவிக்கான சிப்புகளைச் சோதிப்பது அவள் வேலை.

கருவிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் சிப்பின் சில இடங்களில் பூஜ்யம் இருக்கிறதா ஒன்று இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் விதி, தெரியாததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வேலை நிற்காமல் ஓடும். முப்பது வருடமாக அப்படித்தான். அவளுடைய சிப்பும் கணினியில் எல்லாச் சோதனையும் தேறியது. கையில் வந்த மாதிரிகளில் மட்டும், நாற்பதில் ஒன்று, எச்சரிக்கை மணி அடைபட்ட நிலையிலேயே கண் விழித்தது. நோயாளிக்கு மூச்சு நின்றாலும் அது கத்தாது.

அதனால் அவள் ஆட்சேபம் கொடுத்தாள். எண் 212. தெரியாததைத் தெரியாதது என்றே கடைசிவரை காட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுன்னு பூனை நினைச்சுக்குமாம். உன் புத்தகம் அந்தப் பூனைதான்" என்பாள்.

"அடுத்த பதிப்புல பாக்கலாமே."

"அடுத்த பதிப்பு ஆறு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் யாரும் மூச்சு விட வேணாம்னு முன்னுரையில போட்டுடு."

அவள் சொன்னது சரி. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் 212 ஏற்கப்பட்டால் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க மாறும். வரைவு முதல் வாக்கெடுப்புக்கே திரும்பும். நான்கு வருடம் வீண். குழுவில் அரைப்புள்ளி என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் இருக்கிறார், அரைப்புள்ளிக்காக அரை நாள் சண்டை போடுவார். "என்ன சார், வீட்டுல முடிக்க முடியாம சபைக்குக் கொண்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் குழுவில் ஒரு நடைமுறை உண்டு. இறுதிக் கூட்டத்தில் ஆட்சேபத்தின் எண்ணைத் தலைவர் மூன்று முறை சொல்வார். கொடுத்தவர் நேரில் எழுந்து வாதாட வேண்டும். எழவில்லையென்றால் 'வலியுறுத்தப்படவில்லை' என்று எழுதி மூடிவிடுவோம். யாரும் தோற்பதில்லை, யார் மனமும் புண்படுவதில்லை. அவள் வராமல் இருந்தால் போதும்.

தூசி ஒவ்வாமைக்கு அவள் ஒரு மாத்திரை வைத்திருந்தாள். பாதி போட்டாலே மறுநாள் மதியம்வரை தூங்குவாள். இறுதிக் கூட்டத்தன்று காலை ஏழு மணிக்கு அவள் காபியில் மூன்றைப் பொடித்துக் கலந்தேன். அது விஷமில்லை. நன்றாகத் தூங்குவாள், சாயங்காலம் சண்டை போடுவாள், இரண்டு நாள் பேசமாட்டாள் என்று கணக்கிட்டேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஒளித்து வைக்கலாமா என்றும் யோசித்தேன். காணோம் என்றால் தேடுவாள், தேடினால் தூக்கம் கலைந்துவிடும். ஆணியிலேயே விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் தலைவர், "அம்மா வரட்டும், 212ஐக் கடைசியா எடுத்துக்கலாம்" என்றார். பத்து ஐம்பதுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. வராந்தாவில் நின்று பேசினேன். உள்ளே போய், "அவங்களால வர முடியல, எடுத்துடலாம்" என்றேன். தலைவர் மூன்று முறை எண்ணைச் சொன்னார். நடுவில் நன்றாக இடைவெளி விட்டார். நான் எழுதிக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்கு, கூட்டம் நடந்த கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் அவள் மோதினாள். பிரேக் போட்டு வண்டி சறுக்கிய தடம்கூட இல்லை என்று உங்கள் ஆட்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

தரநூல் அடுத்த மாதம் வெளியானது. முதல் பக்கத்தில் அவள் நினைவாக மூன்று வரி போட வேண்டும் என்று குழு விரும்பியது. நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்றார் அரைப்புள்ளி, ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அவள் நிறுவனம் அந்தச் சிப்பை மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. தரநூலின்படி அதில் பிழை ஏதும் இல்லை.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. தூங்க வைக்கத்தான் நினைத்தேன். எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல், நான் செய்தது அவளுக்குக் கடைசிவரை தெரியாது என்பது. அவள் மாமனிடமும் தங்கையிடமும் அப்படித்தான், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வது பழகிவிட்டது.

நாற்பது விநாடியில் பாதி அவள் மூச்சு வாங்கியதில் போனது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள், வைத்துவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்:

"திட்டமாட்டேன்ப்பா. எத்தனை மாத்திரைன்னு மட்டும் சொல்லு. வண்டி எடுக்கலாமா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்."