பார்க்க வராத வியாதி

1958 நவம்பர் 12, புதன்கிழமை, மாலை மூன்று ஐம்பது, தூறல். ஆஸ்பத்திரிப் பார்வையாளர் வரிசையில் நான் பத்தொன்பதாவது ஆள். குடலிறக்க அறுவை செய்துகொண்ட நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நெல்லித்தோப்புப் பெண்கள் இருவர்.

“எம் புள்ளைக்கும் உங்க வூட்டுக்காரர் மாதிரி காலு ஒடைஞ்சிருக்கலாம்க்கா,” என்றாள் இளையவள்.

“வாயைக் கழுவுடி!”

“ரெண்டு பேருக்கும் மில்லுல ஒரே ஷிப்டுதானே? அவரப் பாக்க ஆரஞ்சு, ரொட்டியோட ஷிப்டே வந்துச்சு. எம் புள்ளைக்கு மனசு சரியில்லன்னதும் ஒரு ஆளு வரல. வயிறு எரியுதுக்கா.”

“அதுவும் வியாதிதான், ஒதுக்காதீங்கன்னு மில்லு செவுத்துல ஒட்டியிருக்காங்களே?”

“எல்லாருந்தான் படிச்சாங்க. நீங்களும் படிச்சீங்க. ஒருநா அந்தப் பக்கம் வந்தீங்களா?”

கதவு திறந்ததும் மூத்தவள் கூடையிலிருந்து இரண்டு ஆரஞ்சுகளை எடுத்து நீட்டினாள்.

“பழம் வேணாம்க்கா. நீங்க வாங்க.”

இருவரும் மனநோய் வார்டுக்குப் போனார்கள். என் தம்பி அங்கே ஏழு மாதமாக இருக்கிறான். நான் போய்ப் பார்த்தது ஒரே தடவை. நண்பரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையை விட்டு விலகினேன். தம்பியைப் பார்க்க வெறுங்கையோடு போக மனம் வராமல் வாசலில் ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினேன். அறுபது நயா பைசா.