கரை சும்மா கிடக்கவில்லை

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், பெருமதிப்பிற்குரிய இராசதுரை ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! தோணியேறித் துறை கடந்து கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்திருக்கும் தாய்மாரே! நான் பிறந்து வளர்ந்த லிங்கநகரின் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் இந்தக் குணரத்தினத்தின் தலைதாழ்ந்த வணக்கம். இந்தத் தலை மரியாதையால் பாதி தாழ்ந்தது. மீதிப் பாதி வெட்கத்தால் தாழ்ந்தது.

தலைவர் என் பெருமைகளை அடுக்கினார். பேராதனையில் பதினொரு ஆண்டுகள் பொருளியல் விரிவுரையாளர் என்றார். கொழும்பில் ஒன்பது ஆண்டுகள் திட்டமிடல் அதிகாரி என்றார். இன்று பெரிய கம்பனிகளுக்கு ஆலோசகர் என்றார். அடுக்கியவர் அவர், ஆரவாரித்தவர்கள் நீங்கள், கூசிக் குறுகியவன் நான்! பொன்னாடையை ஏன் தடுத்தாய் என்று முன்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

பேராதனையில் நான் என்ன படிப்பித்தேன்? போய்ப் பார், கேள், பிறகு எழுது என்று படிப்பித்தேன். அரசாங்கக் கந்தோரில் என்ன செய்தேன்? ஒரு குளத்தைப் பற்றி அறிக்கை எழுதிய உத்தியோகத்தர் அந்தக் குளத்து விவசாயி ஒருவரிடமும் பேசவில்லை என்று அறிந்து, அறிக்கையை அவர் மேசையிலேயே திருப்பிப் போட்டேன். அவர் முகம் கறுத்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அந்த நெஞ்சுக்குத்தான் எவ்வளவு நிமிர்வு! எவ்வளவு நினைப்பு!

பிறகு ஆலோசகன் ஆனேன். எழுபத்தெட்டாம் ஆண்டு மார்கழியில் என் நிறுவனம் என்னை இந்தக் குடாவின் தென்கரைக்கு அனுப்பியது. பண்டகசாலை கட்ட ஒரு கம்பனி நிலம் கேட்டிருந்தது. அந்தக் கரையால் யாருக்கு என்ன பயன் என்று நான் எழுத வேண்டும். அடைமழை. ஜீப்பை விட்டு நான் இறங்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். வெறும் மணல், வெறும் கடல், ஆளில்லாத கரை.

ஜீப்பை ஓட்டிய அபூதாஹிர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, இப்ப மாரி. மாசி கழிச்சு வந்து பாருங்க. இந்தக் கரை முழுக்கப் பொம்பிளையள் மீன் காயப்போடுவாங்க."

அரைக் கட்டை தொலைவில் அந்தப் பெண்களின் வீடுகள் தெரிந்தன. போய்க் கேட்டேனா? இல்லை. மாசி கழியும்வரை காத்திருந்தேனா? இல்லை. தையில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்லி ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். "பயன்பாடற்ற கரை" என்று எழுதினேன். அறியாமல் எழுதினேன் என்றால் மன்னிக்கலாம். காதால் கேட்டுவிட்டு எழுதினேனே, அதை எந்த வாயால் சொல்வேன்?

விடுங்கோ என்கிறீர்கள், தலைவர் ஐயா. விட ஏலாது. இன்னும் இருக்கிறது.

முள்வேலி வந்தது. கம்பனி வரவில்லை. வேலி மட்டும் மூன்று வருடமாக நிற்கிறது. இந்தப் பாராட்டு விழாவுக்கென்று சென்ற மாதம் என்னை அழைத்தீர்கள் அல்லவா? நாள் குறிக்க வந்தவன், வீட்டுக்குக் கருவாடு வாங்கச் சந்தைக்குப் போனேன். பல்கீஸ் என்ற தாயொருவர், தன்னிடம் இருப்பது வெளியூர்க் கருவாடு என்று நேர்மையாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். முப்பத்தாறு பெண்கள் காயப்போட்ட கரையை வேலி அடைத்துவிட்டது என்றார். பாதிப் பேர் தோப்பூர் வயல்களுக்குக் கூலிக்குப் போவதாகச் சொன்னார். பிறகு சொன்னார்: "ஆரோ படிச்ச ஆள் வந்து, கரை சும்மா கிடக்குதெண்டு எழுதிப்போட்டாராம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஆள் நான்தான் என்று சொன்னேனா? கருவாட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போனேன்! எழுதியது ஒரு குற்றம். ஒளிந்தது அதைவிடப் பெரிய குற்றம்.

மறுநாட் காலை அவரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். அவர் ஏசவில்லை. "எங்களைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமே" என்றார். பிறகு, "எழுதின நீங்களே மாத்தி எழுதுங்க" என்றார். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை அதுதான்.

மாற்றி எழுதி, மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரியில் கொடுத்தேன்; அவர்கள் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பகிரங்கமாகச் சாட்சி சொன்னால் எங்களோடு இருக்க முடியாது என்றது நிறுவனம். வேலையை விட்டேன். கை தட்டாதீர்கள்! என் வேலை போனது சென்ற வாரம். அவர்களின் வேலை போய் மூன்று வருடம்.

நேற்றுக் கச்சேரியில் விசாரணை நடந்தது. முன்பு எழுதியதும் நீர், இன்று மறுப்பதும் நீர், எதை நம்புவது என்று அத்தனை பெண்களின் முன்னால் அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. என்னை நம்ப வேண்டாம், இவர்களைக் கேளுங்கள் என்றேன். பல்கீஸ் எழுந்தார். என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். "மீன் காயப்போடுறன்" என்றார் அவர். அதிகாரி அதை எழுதினார். அன்பர்களே, நான் எழுத மறுத்த அந்த இரண்டு சொற்களை, ஒரு மனிதர் கேட்டு, கேட்டபடி எழுதினார்!

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதுவரை வேலியின் படலையைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை பதினேழு பெண்கள் பாயோடு உள்ளே போனார்கள். வயலுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. திரும்புவார்களா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்னைப் போல் படித்தவன் ஒருவன் உங்கள் ஊரைப் பற்றி எழுத வந்தால், அவன் பட்டத்தைப் பார்த்து விலகி நிற்காதீர்கள். வழியை மறியுங்கள்! "ஆரைக் கேட்டனீங்கள்?" என்று கேளுங்கள்! பதில் சொல்லும்வரை விடாதீர்கள்!

பாராட்ட அழைத்து, பழியைக் கேட்கப் பொறுமை காட்டிய உங்களுக்கு என் நன்றி. துறை கடந்து வந்த தாய்மார் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.