மூடாத புகார்

அண்ணன்: இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே...

தங்கை: ரெண்டு வருஷமா இல்லாத வேலை.

அண்ணன்: ...உக்காரலாமா?

தங்கை: நாற்காலியில கெடக்குற துணியைக் கட்டில்ல போட்டுட்டு உக்காரு.

அண்ணன்: திரையில என்னமோ ஓடுதே?

தங்கை: எடிட்டர். தமிழ், அரபு, சீனம், எல்லாம் ஒரே பக்கத்துல எழுதலாம். எழுதினது யாரோ. நாங்க சில பேர் சேர்ந்து நடத்துற யூனிக்ஸ் வகை கம்ப்யூட்டர் சிஸ்டத்துல சுலபமா இறங்குற மாதிரி பேக்கேஜா கட்டித் தர்றது நான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

அண்ணன்: சிஸ்டத்தோட புதுப் பதிப்புல சேர்த்துடுவாங்கல்ல?

தங்கை: ஒரு புகார் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள மூடலைன்னா பேக்கேஜையே தூக்கிடுவாங்க.

அண்ணன்: மூடிட வேண்டியதுதானே.

தங்கை: எப்படி? தமிழும் அரபும் ஒரே வரியில வந்தா கர்சர் தாவுதுன்னு ஒருத்தர் எழுதினார். பேரு கொட்டாவியாம். சரி பண்ணி அனுப்பிட்டேன். சரியாச்சுன்னு அவர் வந்து சொல்லணும். விதி அப்படின்னு புகார்லயே எழுதியும் போட்டேன்.

அண்ணன்: சொல்லலையா?

தங்கை: முன்னெல்லாம் ஓயாம எழுதுவார். இங்க தாவுது, அங்க தாவுது... நடுவுல 'சாப்பிட்டீங்களா'ன்னு வேற. சரி பண்ணினதும் பேச்சு மூச்சைக் காணோம்.

அண்ணன்: இப்ப நேராத்தானே போகுது...

தங்கை: உனக்கெப்படித் தெரியும்?

அண்ணன்: பொதுவா சொன்னேன்.

தங்கை: பொதுவா. ம்.

அண்ணன்: சரியாச்சுன்னு சொல்லிட்டா அப்புறம் எழுத என்ன இருக்குன்னு... அவனுக்குத் தோணியிருக்கும்.

தங்கை: அதுக்கு என் உழைப்பைக் காவு குடுப்பாராக்கும்?

அண்ணன்: அதான் மனசு கேக்காம நேர்லயே...

தங்கை: நேர்லயே?

அண்ணன்: ...நான்தாம்மா கொட்டாவி.

தங்கை: தெரியும்.

அண்ணன்: தெரியுமா? எப்போலருந்து?

தங்கை: முதல் புகார்லருந்து. தப்பைக் காட்ட ஒரு சாம்பிள் வரி அனுப்புன்னா, உலகத்துல வேற யாரு 'எங்க பூனை பேரு மேனேஜர்'னு நம்ம வீட்டுப் பூனையை எழுதி அனுப்புவா?

அண்ணன்: கைக்கு வந்ததை அடிச்சேன்.

தங்கை: ஒரு போன் பண்ண வரல. கர்சரைப் பத்தி மட்டும் பக்கம் பக்கமா வந்துச்சு.

அண்ணன்: உன் வேலையை விளையாட்டுன்னேன். என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டே. புகார் எழுத வாசப்படி கிடையாதே...

தங்கை: கட்டில்ல போட்ட துணியில ஒண்ணை எடு, கண்ணைத் துடைச்சுக்கறேன்.

அண்ணன்: அழாத. எங்க, என்ன எழுதணும் சொல்லு. இருட்டப் போகுது, தூக்கிடுவாங்க.

தங்கை: நீ ஒண்ணும் எழுத வேணாம். இந்தா... மூடியாச்சு. பேக்கேஜ் பிழைச்சுது.

அண்ணன்: அதெப்படி? நான் சொன்னாத்தான்னு ஒரு விதி...

தங்கை: அப்படி ஒரு விதியே கிடையாதுண்ணா. அன்னிக்கே மூடியிருந்தா, இன்னிக்கு நீ வந்திருப்பியா?