மீசை இல்லாத மீன்

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ். குன்றத்தூரில் ஏறிய இளைஞன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்ததுமே, பக்கத்திலிருந்த நடுவயசுக்காரரிடம் சொன்னான்:

“மீசையில்லாத மீனைக் கொண்டாந்திருக்கீகளேன்னு அழுதுட்டா, அண்ணே.”

“யாருப்பா?”

“எம் பொண்டாட்டிதான். மாசமா இருக்காள்ல, அயிரை மீன் கொழம்பு கேட்டா. நேத்து வாய்க்கால்ல வேட்டிய விரிச்சு ஒரு சொம்பு புடிச்சேன். பால்ல போட்டா மண்ணைக் கக்கும்னு பால் பாக்கெட்டும் வாங்கிட்டுப் போனேன். அவ ஒண்ண உள்ளங்கையில எடுத்துப் பாத்தா. அயிரைக்கு இருக்குற மீசைய வாயோரத்துல காணோம். அம்புட்டும் கெண்டைக் குஞ்சாம்.”

“இன்னாபா நீ! லைன்ல பார்ட்டுல மயிரிழை கீறல் இருந்தாலே ரிஜெக்ட் பண்ற ஆளு!”

“அதையேதான் அவளும் சொன்னா.”

“சரி, கெண்டையா இருந்தா இன்னா? அதையே கொழம்பு வெச்சிருக்கலாமே?”

“நானும் அப்படித்தான் சொன்னேன். அப்பத்தான் அண்ணே அழுகை கூடிப்போச்சு. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நான் குஞ்சுகளக் கொதிக்க வைக்கவான்னு கேட்டா. ரெண்டு பேரும் திரும்ப நடந்து போயி வாய்க்கால்லயே விட்டுட்டு வந்தோம்.”

நடுவயசுக்காரர் அவன் பக்கம் திரும்பினார்.

“வர்ற ஞாயித்துக்கெழமை எங்க சொந்த ஊரு வல்லத்துக்கு வா. ஏரி மதகாண்ட மணல் கீது. காலு பட்டதும் மீனு மணலுக்குள்ள பொதையும் பாரு, அதான் அயிரை.”

“வர்றேன் அண்ணே. அவளும் வருவா. இனிமே புடிக்கிறது மட்டுந்தான் நானாம். பாத்து பாஸ் பண்றது அவளாம்.”