முகாமுக்கு ஒரு பெயர்

— ஸ்பெல்லிங்கு கரெக்ட்டா தானே இருக்குது, வெண்ணிலா? பின்ன இன்னாத்துக்கு மவுஸ்ல கைய வெச்சிக்கினு சும்மா உக்காந்துக்கினு இருக்க? ஜல்தி பிரிண்டு குடும்மா. சாயங்காலம் விக்கிரவாண்டி டோல்கேட்டுகிட்ட பேனர் ஏறணும்.

— எழுத்தில பிழை இல்லை, துரைக்கண்ணு சேர். சொல்லிலதான் பிழை.

— எந்தச் சொல்லு?

— 'கான்சென்ட்ரேஷன் கேம்ப்'. இதைப் போட வேண்டாம் சேர்.

— அட, அதாம்மா மெயினு! கான்சென்ட்ரேஷன்னா கவனம். பசங்க எந்நேரமும் போனும் கையுமா திரியுதுங்க. அதுங்கள நம்ம கோச்சிங் சென்டர்ல தொண்ணூறு நாளு தங்க வெச்சி பன்னெண்டாவதுல மார்க்கு எடுக்க வெக்கறோம். கவனக் குவிப்பு முகாம். கீழ தமிழ்ல அதானே போட்டிருக்க? நீயே அடிச்சது.

— ஓம், நான்தான் அடிச்சனான். அடிச்சுப் போட்டுப் பாக்கத்தான் பிழை விளங்கினது. அந்தப் பேரில குவிக்கிறது கவனத்தை இல்லை சேர். ஆக்களை.

— ஆளுங்களையா? இன்னாம்மா சொல்ற?

— அங்கங்க இருக்கிற சனத்தை வளைச்சுக் கொண்டுவந்து ஒரே இடத்தில குவிக்கிறது. முதல்ல கியூபாவில ஸ்பெயின்காரன் செய்தவன். பிறகு தென்னாபிரிக்காவில வெள்ளைக்காரன். சண்டைக்குப் போன ஆம்பிளையள் பணிய வேணுமென்டு அவையின்ட வீடுகளைக் கொளுத்தி, பொம்பிளையளையும் பிள்ளையளையும் கூடாரத்துக்குள்ள அடைச்சவன். சாப்பாடில்லாமல், நோய் வந்து, ஆயிரக்கணக்கில பிள்ளையள் செத்ததுகள். அதுக்கு முதல்ல என்ன பேர் சொன்னவன் தெரியுமோ? அகதி முகாம்.

— கேஸ் வுட்டு கொன்னாங்களே, ஜெர்மனிக்காரன், அது இல்லியா?

— அது பிறகு வந்தது சேர். இந்தப் பேர் அதுக்கு நாப்பது வருசம் மூத்தது.

— அம்மாடி! எந்தக் காலத்து பேஜாரோ, திண்டிவனத்துல யாருக்குத் தெரியப் போவுது? இங்க கேம்புன்னா கண்ணு டெஸ்ட் கேம்பு, ரத்ததான கேம்பு, பட்டா கேம்பு. நீயே சிலோன்காரங்க கேம்புலேர்ந்து தான் தெனம் பஸ் ஏறி வேலைக்கி வர்ற. உனக்கு இன்னா கேம்புன்னா பயம்?

— பயம்தான் சேர். திங்கக்கிழமை தம்பியை உங்களிட்ட விடுறன் என்டு சொன்னனான். அதாலதான் கேக்கிறன். அவனை எப்பிடி வைச்சிருப்பியள்?

— கோபியயா? சொந்தப் புள்ள மாதிரி. காலையில நாலு மணிக்கு பெல்லு. போன் கிடையாது. கேட்ட பூட்டிடுவோம். ஞாயித்துக்கெழமை நீ வந்து வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துட்டுப் போவலாம்.

— கதைக்கலாமோ?

— பேசக் கூடாதும்மா. பேசினா பசங்க அழுவுதுங்க. அப்புறம் ரெண்டு நாளு புஸ்தகத்தத் தொட மாட்டேங்குதுங்க.

— முள்ளுக்கம்பி வேலியோ சேர்?

— ஆமா. முன்ன அது நம்ம மல்லாட்டை கொல்லை, வேர்க்கடல போட்டிருந்தோம். பன்னி பூந்துடும்னு போட்ட வேலி, அப்படியே இருக்குது. பசங்க ஏறிக் குதிக்காம இருக்கவும் தோதாப் போச்சு. இன்னாம்மா? ஏன் கண்ணு கலங்குது? நா இன்னா கெட்டவனா?

— நீங்கள் நல்ல மனுசன் சேர். அதுதான் இன்னும் பயமாக் கிடக்கு. அம்மா சாகேக்க தம்பியை என்ட கையிலதான் தந்தவா. அவன் படிச்சால்தான் நாங்கள் முகாமை விட்டு வெளியில வரலாம். அவனைப் படிப்பிக்கவும் வேணும். இந்தப் பேருக்குக் கீழ அவனை அனுப்பவும் ஏலாமல் கிடக்கு.

— இவ்ளோ விசயம் நீ எங்கம்மா படிச்ச?

— அங்க ஊரில, எனக்குப் பதினஞ்சு வயசா இருக்கேக்க பக்கத்துக் கூடாரத்து மாஸ்டர் ஒருத்தர் இந்தச் சொல்லை மெல்லமா என்ட காதுக்குள்ள சொன்னவர். அர்த்தம் நாளைக்குச் சொல்லுறன் என்டார். அடுத்த நாள் விடிய அவரை வந்து கூட்டிக்கொண்டு போட்டினம். பிறகு நானாத் தேடித்தான் படிச்சனான்.

— யாரு கூட்டிக்கினு போனது? எங்க?

— விடுங்கோ சேர். திரும்பி வரேல்லை.

— சரி சரி, கண்ணத் தொடச்சிக்க. உன் மனசு கஷ்டப்பட்டு எனக்கு ஒரு பேனரு வாணாம். அந்த லைன அழிச்சிடு. வேற பேரு வெப்போம். படிச்சதும் பெத்தவங்களுக்கு ஒரு தெம்பு வரணும், பயமே வரக் கூடாது. இரு, இரு... ஆங்! 'மாணவர் நல முகாம்'. எப்படி? அதையே பெருசா, பச்சைக் கலர்ல போடு.

— பச்சையில, பெரிசா. இந்தா அடிக்கிறன் சேர்.

— அடிச்சிட்டியா?

— அடிச்சிட்டன். பேனர் பின்னேரத்துக்குள்ள கிடைக்கும் சேர். ஆனால் தம்பி வரமாட்டான்.

— ஏம்மா? அதான் மாத்தியாச்சே! இது நல்ல பேரு தானே?

— நல்ல பேர்தான் சேர். எங்கட இலங்கையில அதை 'நலன்புரி முகாம்' என்டு எழுதுவினம். சண்டை முடிய எங்களை அடைச்சு வைச்ச இடத்து வாசலிலயும் அதைத்தான் பெரிசா எழுதியிருந்தவை. தம்பி அதுக்குள்ளதான் பிறந்தவன்.